பிழையும் பேறும்

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக் காய்களுக்கே உரியது. கறுப்பைக் கையேற்பவர் ஆட்டம் தொடங்கும் போதே ஒரு நகர்வு பின்னிற்கின்றார். இது சிறு பின்னடைவே. எனினும் அதன் விளைவு எண்ணிக்கையிற் புலப்படாமற் போவதில்லை. முதல்தர வீரர்களின் ஆட்டங்களைத் தொகுத்து நோக்குமிடத்து, நூறு புள்ளிகளுள் 52 முதல் 56 வரை வெள்ளையின் பக்கமே சேர்கின்றன. ஆதலினாலேயே உயர்நிலைப் போட்டிகளிற் கறுப்புடன் ஆடுபவர் சமநிலை கிட்டினாலே மனநிறைவு கொள்வது வழக்கமாயிற்று. கறுப்பு வென்றுவிடின், வெள்ளையின் பக்கத்தில் எங்கோ பிழை நேர்ந்திருத்தல் வேண்டும் என எண்ணுவதும் வழக்கமாயிற்று. இவ்வெண்ணத்தைச் சற்று அழுத்திப் பார்ப்பின், அது ஆட்டக் களத்தைக் கடந்த ஓர் அறவினாவாக மாறுகின்றது. எதிரியின் பிழையால் வந்த வெற்றி வென்றவருடைய வெற்றி ஆகுமா? ஆகுமெனில், ‘தகுதியாற் பெற்றேன்’ என்று ஒருவர் எதுவரை கூறலாம்?

இவ்வினாவை வெறும் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதைவிட, நன்கு அறியப்பட்ட ஆட்டங்களை முன்வைத்து ஆராய்வது பயன்தரும். அதற்கு வாய்ப்பாக இரண்டு ஆட்டங்கள் உள்ளன. ஒன்று 2010 மே 11ஆம் நாள் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் வெசலின் டொபலோவுக்கும் விசுவநாதன் ஆனந்துக்கும் இடையே நிகழ்ந்தது. மற்றையது 2024 டிசெம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனுக்கும் குகேஷுக்கும் இடையே நிகழ்ந்தது. இரண்டும் உலகப் பட்டப் போட்டியின் இறுதி ஆட்டங்கள். இரண்டிலும் அதுவரை புள்ளிகள் சமமாகவே இருந்தன. சமநிலையில் முடிந்திருப்பின் விரைவாட்டங்களே பட்டத்தைத் தீர்மானித்திருக்கும். இரண்டிலும் கறுப்புக் காய்களுடன் அமர்ந்தவர் சென்னையில் வளர்ந்தவர். இரண்டிலும் கறுப்பே வென்றது.

அண்மைய ஆட்டத்தை முதலில் நோக்கலாம். பதினான்கு ஆட்டங்களைக் கொண்ட அப்போட்டியிற் பதின்மூன்று முடிந்தபோது இருவரும் ஆறரைப் புள்ளிகள் பெற்றிருந்தனர். இறுதி ஆட்டத்தில் வெள்ளை டிங்குடையது. தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த நிலை தாழ்ந்ததன்று. ஆயினும் அவர் அதனை வளர்த்தெடுக்க முனையவில்லை. காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக் களத்தை வெறுமையாக்குவதிலேயே அவர் கருத்து நின்றது. 29ஆம் நகர்வில் ஒரு காலாளைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார். அரசிகள் களத்தை விட்டு நீங்கின. 32ஆம் நகர்வின் பின் இருபுறமும் ஒரு கோட்டையும் ஓர் அமைச்சருமே எஞ்சின. கறுப்புக்கு மூன்று காலாட்கள், வெள்ளைக்கு இரண்டு. காலாட்கள் யாவும் அரசன் பக்கத்திலேயே நின்றமையால், ஒரு காலாள் மிகுதியாயினும் அதனைக் கொண்டு வெல்லுதல் அரிது என்பது இறுதிக்கட்ட ஆட்டத்தைக் கற்ற எவரும் அறிந்ததே. டிங்கும் அதனை அறிந்தே அந்நிலைக்கு இறங்கினார். அவர் ஒரு காலாளை விலையாகக் கொடுத்து அமைதியை வாங்க முயன்றார் எனலாம்.

குகேஷ் அந்த அமைதியை விற்க மறுத்தார். அடுத்த இருபத்து மூன்று நகர்வுகளில் வெடிப்பான நிகழ்ச்சி எதுவும் இல்லை. கறுப்புக் காலாட்கள் மெல்ல முன்னேறின. அரசன் நடுக்களம் நோக்கி நடந்தான். கோட்டை பக்கவாட்டிற் சென்று மீண்டது. பார்வையாளர் பலருக்கு இது சலிப்பூட்டியிருக்கும். ஆயின் ஒவ்வொரு நகர்விலும் வெள்ளையிடம் ஒரே வினா வேறு வேறு வடிவிற் கேட்கப்பட்டுக்கொண்டேயிருந்தது: இந்நிலை சமமானது என்று நீர் கருதுகின்றீர், அதனை இன்னும் ஒருமுறை மெய்ப்பித்துக் காட்டுவீரா? விடை கூறும் பொறுப்பு முழுவதும் ஒருவர் மேலேயே விழுந்தது. கடிகாரத்திலும் அவருக்கே நேரம் குறைவு.

53ஆம் நகர்வில் டிங் தம் அமைச்சரைப் பலகையின் மூலைக்கு, ஏ வரிசையின் 8ஆம் கட்டத்துக்குக் கொண்டுசென்றார். அந்நகர்வு தன்னளவிற் பிழையன்று. ஆயின் மூலையில் நிற்கும் அமைச்சருக்கு ஒரேயொரு சாய்கோடே வழி. நடுவில் நிற்கும் அமைச்சருக்கு இரண்டு. இரு நகர்வுகளின் பின், 55ஆம் நகர்வில், டிங் தம் கோட்டையை எஃப் வரிசையின் 2ஆம் கட்டத்துக்கு இறக்கிக் கோட்டைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். இன்னொரு சோடிக் காய்கள் நீங்கினால் அமைதி இன்னும் அண்மிக்கும் என்பது அவர் எண்ணமாகலாம். கறுப்பு கோட்டையை வெட்டியது. வெள்ளையரசன் மீள வெட்டினான். அடுத்துக் கறுப்பு அமைச்சர் டி வரிசையின் 5ஆம் கட்டத்தில் வந்து, மூலையில் நின்ற அமைச்சரின் ஒரே சாய்கோட்டை மறித்து நின்றது. அக்கோட்டின் மேல் எங்கு சென்றாலும் அது வெட்டப்படும். அமைச்சர்களும் மாறியே ஆகவேண்டும். மாறியபின் எஞ்சுவது இரண்டு அரசர்களும் மூன்று காலாட்களும். அவற்றுள் இரண்டு கறுப்பு. 58ஆம் நகர்வில் அரசர்கள் ஒரு கட்டம் இடைவிட்டு நேருக்குநேர் நின்றபோது நகரவேண்டிய முறை வெள்ளையினுடையது. எங்கு நகர்ந்தாலும் வழிவிட வேண்டும். டிங் தோல்வியை ஏற்றார். பதினெட்டு வயதினரான குகேஷ் உலகச் சம்பியனானார்; 1985இல் இருபத்திரண்டு வயதிற் பட்டம் பெற்ற கஸ்பரோவின் சாதனை பின்தள்ளப்பட்டது.

சதுரங்கம் கற்பிப்போர் இவ்வாட்டத்தை மாணவருக்குக் காட்டுவதற்கு இவ்வொரு காரணமே போதும். தோல்வி 55ஆம் நகர்வில் நேர்ந்தது. அதன் கரு 53ஆம் நகர்வில், குற்றமற்ற ஒரு நகர்விற் கிடந்தது. மனிதர் வாழ்விலும் பெரும்பிழைகள் இவ்வாறே உருவாகின்றன. குற்றமற்ற ஒரு செயலும் களைப்புற்ற ஒரு கணமும் சந்திக்கும் இடத்தில் அவை பிறக்கின்றன.

போட்டி முடிந்த சில மணி நேரத்துக்குள்ளேயே மறுப்புகள் எழுந்தன. முன்னாள் உலகச் சம்பியன் கிராம்னிக் உள்ளிட்ட சிலர் உலகப் பட்டம் இத்தகைய பிழையால் தீர்மானிக்கப்பட்டமை குறித்து வெளிப்படையாகவே வருந்தினர். குகேஷ் வென்றார் என்பதைவிட டிங் தோற்றார் என்பதே பொருத்தம் என்ற பேச்சும் எழுந்தது. இப்பேச்சின் உள்ளே ஓர் எடுகோள் மறைந்துள்ளது. பிழையின்றியே வெல்லப்படும் ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே தூய வெற்றி. பிழையால் வருவது அதனினும் தாழ்ந்தது என்பதே அந்த எடுகோள். ஆயின் அத்தகைய ஆட்டம் எங்கே உள்ளது? இருபுறமும் பிழையின்றி ஆடினால் சதுரங்கம் சமநிலையிலேயே முடியும் என்பது இன்றுவரை கணித முறையில் நிறுவப்படவில்லையெனினும், வல்லுநர் அனைவரும் ஏற்கும் நம்பிக்கை. அது மெய்யாயின், வெற்றி என்று ஒன்று நிகழும் இடமெல்லாம் பிழை என்று ஒன்று நிகழ்ந்தே இருத்தல் வேண்டும். பிழையால் வந்த வெற்றிகளைத் தள்ளிவிட்டால், தள்ளப்படாது எஞ்சுவன சமநிலைகள் மட்டுமே. ஆகவே ‘பிறர் பிழையால் வென்றார்’ என்பது ஒருவரது வெற்றிமீது சுமத்தக்க குற்றச்சாட்டு அன்று. அது வெற்றி என்பதற்குரிய வரைவிலக்கணமே.

ஆயின் வினா இதனோடு தீர்ந்துவிடுவதில்லை. எல்லாப் பிழைகளும் ஓரினத்தன அல்ல. சோபியா ஆட்டம் இதனைத் தெளிவாக்குகின்றது. அங்கு ஆனந்த் கறுப்புக்குரிய பழைய, உறுதியான ஒரு தற்காப்பை மேற்கொண்டார். லாஸ்கரின் பெயரால் வழங்குவது அது. காய்களை மாற்றிக்கொண்டு அமைதியாக வாழும் நோக்குடையது. 24ஆம் நகர்வில் அவர் அமைச்சர் முன்சென்று, வெள்ளை அரசி விலகியதும் பழைய இடத்துக்கே மீண்டது. சமநிலைக்கு உடன்பாடு என்பதை நகர்வு மூலமே தெரிவிக்கும் செயல் அது. டொபலோவ் அதனை ஏற்கவில்லை. விரைவாட்டத்தில் ஆனந்த் பெருவல்லவர். அந்நிலைக்குச் செல்லாது அன்றே முடித்துவிட அவர் விரும்பினார். கறுப்பு தன் நடுக்காலாட்களை முன்தள்ளிக் களத்தைத் திறந்தபோது, 31ஆம், 32ஆம் நகர்வுகளில் வெள்ளை இரு காலாட்களையும் வெட்டியெடுத்தது. வெட்டியதனால் திறந்த சாய்கோட்டின் மறுமுனையில், நான்கு நகர்வுகளுக்கு முன்னரே ஒதுங்கி நின்ற கறுப்பு அமைச்சர் காத்திருந்தது. அது நின்ற இடமும் ஏ வரிசையின் 8ஆம் கட்டமே. சிங்கப்பூரில் வெள்ளை அமைச்சருக்குச் சிறையான அதே மூலை, சோபியாவிற் கறுப்பு அமைச்சருக்குக் காவற்கோபுரமாயிற்று. வெள்ளையரசன் திறந்த வெளியில் மேலேறி ஓடவேண்டியதாயிற்று. 56ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. ஆனந்த் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

டொபலோவின் பிழை வெற்றியை விரும்பியதால் வந்தது. டிங்கின் பிழை முடிவை விரும்பியதால் வந்தது. முன்னையது மிகுதியின் பிழை, பின்னையது அயர்ச்சியின் பிழை. பொதுமக்கள் தீர்ப்பு முன்னையதிற் கடுமையாகவும் பின்னையதில் இரக்கமாகவும் அமைவது இயல்பு. டொபலோவ் தாமே தேடிக்கொண்டார் என்கின்றோம். டிங் பாவம் என்கின்றோம். இவ்விரக்கமே வென்றவரின் பக்கம் திரும்பும்போது ஐயமாக மாறுகின்றது. 2023இல் அஸ்தானாவிற் பட்டம் வென்றபின் டிங் உளச்சோர்வாலும் உறக்கமின்மையாலும் வருந்தியதும், உலகத் தரவரிசையில் இருபதாம் இடத்துக்கும் கீழே இறங்கியதும் யாவரும் அறிந்தவை. அத்தகையவரின் அயர்ச்சியைப் பயன்கொள்வது அறமாகுமா?

தமிழ் வாசகருக்கு இவ்வினாவைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது கர்ணனின் தேர்ச்சக்கரமாகும். நிலத்தில் அழுந்திய சக்கரத்தைத் தூக்க அவன் இறங்கி நின்றபோது அருச்சுனன் அம்பு தொடுத்தான். அது வெற்றிதான், ஆயினும் நூற்றாண்டுகளாகக் கேட்போர் மனம் அதனை அமைதியாக ஏற்கவில்லை. மறுபுறத்தில், படைக்கலமிழந்து நின்ற இராவணனைக் கொல்லாது மறுநாள் வருமாறு அனுப்பிய இராமன் செயலைக் கம்பன் காட்டிய இடத்தில் அதே கேட்போர் மனம் நிறைவு கொள்கின்றது. இவற்றை அளவுகோலாகக் கொண்டால், குகேஷ் கோட்டையை வெட்டாது விட்டிருக்க வேண்டும் என்றாகும். அவ்வாறு கூறுபவர் எவரும் இலர். ஏன் இலர் என்பதை ஆராய்ந்தால் ஒரு முக்கிய வேறுபாடு புலனாகும்.

கர்ணனின் சக்கரம் அழுந்தியது வில்வித்தைக்குப் புறம்பான ஒன்று, சாபத்தின் விளைவு. போர் எதனை அளக்க நிகழ்ந்ததோ அதனோடு சக்கரத்துக்குத் தொடர்பில்லை. சதுரங்கம் அளப்பதோ கவனத்தையும் கணிப்பையும் பொறுமையையுமே. ஐந்து மணி நேரத்தின் இறுதியிலும், மூன்று கிழமைப் போட்டியின் இறுதியிலும் அவை தாங்குமா என்பதும் அளக்கப்படுவனவற்றுள் அடங்கும். எனவே 55ஆம் நகர்வு ஆட்டத்தின் உள்ளே நேர்ந்தது. சக்கரத்துக்கு ஒப்பானதைத் தேடினால் அது சோபியாவில் உள்ளது: 2010 ஏப்பிரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வான்வழிகளை மூடியபோது, ஆனந்த் பிராங்போட்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது மணி நேரம் தரைவழியே பயணம் செய்து சோபியாவை அடைந்தார். மூன்று நாள் ஒத்திவைக்கக் கேட்டார். ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்திலே தோற்றார். எரிமலை சதுரங்கத்தின் பகுதியன்று. ஆயினும் அப்புள்ளியை எவரும் திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிழையை விட்டுக்கொடுத்தல் பெருந்தன்மையாகத் தோன்றினும், சமமானவர்களிடையே அது அவமதிப்பாகவே முடியும். சிறுவனோடு விளையாடும் தந்தை பிழையைக் காணாதது போல் நடிப்பார். டிங்கை அவ்வாறு நடத்துவது அவரை எதிரி என்ற நிலையிலிருந்து நோயாளி என்ற நிலைக்கு இறக்குவதாகும். டிங்கோ அதனை வேண்டவில்லை. தோற்றபின் நிகழ்ந்த செய்தியாளர் கூட்டத்தில், முந்திய நாள் ஆட்டத்தில் தாம் மயிரிழையில் தப்பியதை எண்ணிப் பார்க்குமிடத்து இம்முடிவு நியாயமானதே என்ற கருத்தையும், வருத்தம் ஏதும் இல்லை என்பதையும் அவர் தெரிவித்தார். மறுப்புக் கூறும் உரிமை எவருக்கு மிகுதியாக இருந்ததோ அவரே மறுப்பைக் கைவிட்டார். ஊழின் கணக்கை ஒரு நாளோடு முடித்துவிடாமல், தமக்குச் சாதகமாக வந்த நாளையும் சேர்த்து எண்ணிய நேர்மை அது. இவ்வாட்டத்தில் நிகழ்ந்த நகர்வுகள் எல்லாவற்றினும் அச்சொல்லே உயர்ந்தது எனக் கருதுவதில் தவறில்லை.

பிழை நேர்வது ஒன்று, அது காணப்படுவது வேறொன்று என்பதும் இங்கு மனங்கொளத்தக்கது. கிராம்னிக் போன்றோரின் வருத்தத்துக்கு மறுமொழியாகக் கஸ்பரோவ், பிழையற்ற பட்டப் போட்டி எது என வினவி, 2014இல் நிகழ்ந்த கார்ல்சன் – ஆனந்த் போட்டியின் ஆறாம் ஆட்டத்தை நினைவூட்டினார். நவெம்பரிற் சோச்சி நகரில் நடந்த அவ்வாட்டத்தின் 26ஆம் நகர்விற் கார்ல்சன் தம் அரசனைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்தின் குதிரை நடுக்காலாளை வெட்டியிருப்பின் கறுப்பே மேலோங்கியிருக்கும். போட்டியின் போக்கே மாறியிருக்கலாம். ஆனந்த் தம் திட்டத்திலேயே மனம் பதித்து, பக்கத்துக் காலாள் ஒன்றை முன்தள்ளினார். பிழை மறைந்தது. வெள்ளை வென்றது. பட்டமும் கார்ல்சனிடமே தங்கியது. பிழை செய்தவர் வென்றார்; அதனைக் காணாதவர் தோற்றார். சிங்கப்பூரிலும் இதுவே நிகழ்ந்திருக்கக் கூடும். டிங் கோட்டையை இறக்கியபோது தாமும் அதனை உடனே உணரவில்லை, வேறொரு நகர்வை ஆட இருந்தார் என்று குகேஷே பின்னர் கூறினார். கை நீளுமுன் ஒரு கணம் நின்றார். மூலையிலிருந்த அமைச்சர் கண்ணிற் பட்டது. திருக்குறள் காலமறிதலுக்கென ஓரதிகாரமே வகுத்திருப்பது இக்கணத்தின் பொருட்டே. பிழை எதிரியினுடையது, அதனை வாய்ப்பாக்கிய பார்வை வென்றவருடையது.

இதுவரை கூறியவற்றால், சதுரங்கப் பலகையின் எல்லைக்குள் குகேஷின் வெற்றி தகுதியால் வந்தது என்பது பெறப்படும். இங்கேயே நிறுத்திக்கொள்வோர் உண்டு. ஆயின் மெய்யியல் நோக்கில் கடினமான பகுதி இதன் பின்னரே தொடங்குகின்றது. 1976இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர் அறநெறியில் தற்செயலின் இடம் யாது என்ற விவாதத்தை முன்னெடுத்தனர். ஒருவர் தம் கட்டுப்பாட்டினுள் அடங்கியவற்றுக்கே புகழோ பழியோ பெறத்தக்கவர் என்பது பொதுவான அறநம்பிக்கை. நேகல் இந்நம்பிக்கையை நூல் பிடித்தாற்போலத் தொடர்ந்து சென்று அது எங்கு கொண்டு சேர்க்கிறது எனக் காட்டினார். கவனக்குறைவாக வண்டியோட்டிய இருவருள் ஒருவரின் முன் குழந்தை ஓடிவருகின்றது. மற்றவர் முன் எவரும் வரவில்லை. குற்றம் ஒன்றே, பழி வெவ்வேறு. விளைவில் மட்டுமன்று, ஒருவரது இயல்பிலும், அவர் நிறுத்தப்பட்ட சூழ்நிலையிலும் தற்செயலின் பங்குண்டு. அனைத்தையும் கழித்துப் பார்த்தால் ‘என்னுடையது’ எனக் கொள்ள எஞ்சுவது யாது என்பதே அவர் வினா.

தமிழ் மரபு இவ்வினாவை நன்கறியும். ஊழின் வலிமையைக் கூற ஓரதிகாரமும், அதற்கு முரண்போலத் தோன்றுமாறு ஆள்வினையின் வலிமையைக் கூற ஓரதிகாரமும் குறளில் உள்ளன. உரையாசிரியர் இரண்டையும் இணைக்கப் பலவாறு முயன்றனர். அவ்விரண்டும் வெவ்வேறு ஆளை நோக்கிப் பேசுகின்றன எனக் கொள்வதற்கு இடமுண்டு. தன் பணியின் முன் நிற்பவனுக்குக் கூறப்படுவது ஆள்வினை. பிறன் வீழ்ச்சியின் முன் நிற்பவனுக்கு நினைவூட்டப்படுவது ஊழ். இடம் மாற்றிப் படித்தால் இரண்டும் கேடாகும். தன் சோம்பலுக்கு ஊழைக் காரணம் கூறுபவனும், பிறன் வறுமைக்கு முயற்சியின்மையைக் காரணம் கூறுபவனும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

சதுரங்கம் இத்தற்செயலை எவ்வாறு கையாள்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. வெள்ளைக்கு நன்மை உண்டென அது ஒளிக்கவில்லை. வெள்ளையைப் பெற்றவரைக் குறைகூறவும் இல்லை. நிறங்களை மாற்றி மாற்றித் தருகின்றது. சிங்கப்பூரில் பதினான்கு ஆட்டங்களுள் ஏழில் குகேஷ் வெள்ளை, ஏழில் டிங் வெள்ளை. முதல் ஆட்டத்தில் டிங் கறுப்புடன் வென்றார். இறுதி ஆட்டத்திற் குகேஷ் கறுப்புடன் வென்றார். பிழையும் களைப்பும் இருவருக்கும் ஒரே அளவில் நேரத்தக்கவாறு களம் அமைக்கப்பட்டிருந்தது. இறுதி ஆட்டத்தின் பிழையை நியாயமாக்குவது இந்த மாறுமுறையே. வாழ்க்கையிலோ நிறம் மாறுவதில்லை. வெள்ளையாகப் பிறந்தவர் எல்லாச் சுற்றிலும் வெள்ளையாகவே ஆடுகின்றார்.

குகேஷ் 2006 மே 29ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தை மருத்துவர், மகனுடன் போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தம் தொழிலையே ஒதுக்கிவைத்தார். தாயின் வருவாய் குடும்பத்தைத் தாங்கியது. அவர் சதுரங்கம் கற்கத் தொடங்கிய 2013இல் அதே நகரில் ஆனந்தும் கார்ல்சனும் பட்டத்துக்காக ஆடினர். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவருள் அவரும் ஒருவர். பின்னர் ஆனந்தே அவருக்கு வழிகாட்டியானார். அவரது உழைப்பு அளவிறந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வுழைப்பு விழுந்த நிலம் உழுது வைக்கப்பட்டிருந்தது என்பதிலும் ஐயமில்லை.

சென்னைக்குத் தெற்கே நானூறு கிலோமீற்றரளவில், கடலுக்கு அப்பால், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டு உள்ளது. குளமும் வயலும் சார்ந்த வன்னிக் கிராமம். அதே 2006 மே மாதத்தில் அங்கு பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்தினுள் உடையார்கட்டு அடங்கியிருந்தது. அவ்வலயத்தினுள்ளும் எறிகணைகள் வீழ்ந்தன. அங்கிருந்த மருத்துவமனையும் தப்பவில்லை. மக்கள் கிழக்கே கடற்கரை நோக்கிப் பெயர்ந்தனர். அக்குழந்தை உயிர்தப்பியிருப்பின், மூன்றாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களுக்கு முன் போர் முடிவுற்றபோது செட்டிகுளத்து முகாமின் கூடாரமொன்றில் இருந்திருக்கும். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது அதற்கு ஆறு வயது. சென்னையில் ஒரு சிறுவன் சதுரங்கப் பலகையை முதன்முதலாகத் தொட்ட வயதில், இங்கு ஒரு சிறுவன் கூரையுள்ள வகுப்பறையை முதன்முதலாகக் கண்டிருக்கலாம். இருவருக்கும் ஒரே மூளைத்திறன் வாய்த்திருந்தது என்றே கொள்க. அவ்விருவரிடையே நிகழாத ஆட்டத்தில் பிழை செய்தவர் எவர்?

இக்கேள்வி குகேஷின் வெற்றியைக் குறைக்கின்றது எனக் கொள்வது பொருந்தாது. ‘டிங்கை அன்றிக் குகேஷ் வென்றது ஏன்’ என்பது ஒரு வினா. அதற்கு விடை தகுதி. ‘அந்த மேசையில் குகேஷ் அமர்ந்ததும் மற்றவர் அமராததும் ஏன்’ என்பது வேறு வினா. அதற்கு விடை தகுதியன்று. முதல் வினாவின் விடையை எடுத்து இரண்டாம் வினாவுக்கு இடுவதே பொதுவாழ்வில் அன்றாடம் நிகழும் மோசடி. ‘நான் உழைத்தேன், பெற்றேன், நீ உழைத்தாயல்லை, பெறவில்லை’ என்னும் கூற்றின் முதற்பாதி மெய்யாகவே இருக்கலாம். பிற்பாதி அதிலிருந்து பெறப்படுவதன்று.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கு இது புறத்தே நிற்கும் வினாவன்று. தகுதி என்ற சொல்லைச் சுற்றி இலங்கையில் நடந்த வாதங்களுட் கசப்பானவை பல்கலைக்கழக அனுமதியைப் பற்றியனவே. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவரை இழைத்த அநீதி மறக்கத்தக்கதன்று. அதனோடு சேர்த்தே நினைக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு: அதனைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தின் இடங்களைக் குறைத்தபோதே, வன்னி போன்ற பின்தங்கிய பகுதிகளுக்குச் சில கதவுகளைத் திறந்தது. அக்காலத்து விவாதங்களில் இவ்விரண்டாவது செய்தி அரிதாகவே பேசப்பட்டது. பிற்காலத்தில் வழக்கிற்கு வந்த முறையில், நாடளாவிய திறமை வரிசைக்கு நூற்றுக்கு 40, மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்ப 55, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 என இடங்கள் பகிரப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகியன அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்வேற்பாட்டைச் சலுகை என்று கூறுவோர் உளர். சதுரங்கத்தில் நிறம் மாற்றுவதை எவரும் சலுகை என்பதில்லை. ஆயின் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதலும் ஆகாது. சதுரங்கத்தில் வெள்ளையின் நன்மை ஒரு நகர்வு என்று திட்டமாகத் தெரியும். அடுத்த ஆட்டத்தில் அதனை அப்படியே மறுபக்கத்துக்கு மாற்றிவிடலாம். கூடாரத்திற் கழிந்த மூன்றாண்டுகள் எத்தனை நகர்வுகளுக்குச் சமம்? கொழும்பில் தனியார் வகுப்பு, உடையார்கட்டில் கணித ஆசிரியரில்லாத ஒரு தவணை – இவற்றின் வேறுபாட்டை எந்தப் புள்ளியில் அளப்பது? மாவட்டத்தின் பெயரால் அளப்பது, அம்மாவட்டத்து நகரில் வசதியோடு வாழ்பவரையும் குளக்கட்டின் ஓரம் வாழ்பவரையும் ஒன்றாக்கிவிடுகின்றது. நூற்றுக்கு ஐந்து என்ற எண் நான்காகவோ பத்தாகவோ அன்றி ஐந்தாக அமைந்ததற்கு அறநெறியிற் காரணம் எதுவும் காட்ட இயலாது. கருவி கரடுமுரடானது. கருவி கரடுமுரடாயிருப்பது அளக்கவேண்டிய பொருள் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதும் உண்மை.

2006இற் பிறந்தோர் உயர்தரப் பரீட்சைக்கு அமரும் வயதை எட்டியது குகேஷ் சம்பியனான அந்த ஆண்டை ஒட்டியேயாகும். உடையார்கட்டிலிருந்தும் அதன் அயற்கிராமங்களிலிருந்தும் அவ்வாறு அமர்ந்தோருட் சிலர் அனுமதி பெற்று வந்திருப்பர். விரிவுரை மண்டபத்தில், ஒரு புள்ளி மிகுதியாகப் பெற்றும் தம் மாவட்டத்தில் இடங்கிட்டாத நண்பரொருவரை நினைத்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அருகே அவர்கள் அமர்ந்திருக்கக் கூடும். இவ்விருவருள் எவரிடமும் பிழையில்லை.